மாற்றுச் சாவியும் கள்ளச் சாவியும்

தமிழில் ஒரே பொருளுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. உரியவர் அறியச் செய்தால் அது மாற்றுச் சாவி. அவர் அறியாமல் செய்தால் கள்ளச் சாவி. இரண்டையும் அருகருகே வைத்தால் கண்ணால் பிரித்தறிய முடியாது. உலோகம், எடை, பல்வரிசை, பூட்டைத் திறக்கும் ஆற்றல் எல்லாம் ஒன்றே. ஆயினும் அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு உண்மையானது. திருட்டையும் உரிமையையும் பிரிப்பது அதுவே. அந்த வேறுபாடு பொருளில் இல்லையென்றால் எங்கே இருக்கிறது என்பது மெய்யியல் கேள்வி. ஒருவரிடமுள்ள அதிகாரம் இன்னொருவருக்கு எப்படிச் செல்கிறது, எது அதைச் செல்லுபடியாக்குகிறது என்று சமயங்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருவதும் இதே கேள்விதான். இன்றைய காருக்கு இரண்டாவது சாவி செய்து புரோகிராம் செய்யும் முறை, இக்கேள்வியின் உறுப்புகளைத் தனித்தனியே எடுத்துக் காட்டுகிறது.

வடிவம்

பழைய சாவி முழுக்க முழுக்க வடிவமே. சாவி வெட்டும் கடையில் மூலச் சாவியையும் வெற்றுச் சாவியையும் ஒரே இயந்திரத்தில் இறுக்குவார்கள். ஒரு முனை மூலத்தின் பற்களைத் தடவிச் செல்ல, அதோடு இணைந்த வெட்டுச் சக்கரம் அதே ஏற்ற இறக்கங்களை வெற்றுச் சாவியில் வெட்டும். இம்முறையில் மூலத்தின் தேய்மானமும் சேர்ந்தே படியெடுக்கப்படும். படியிலிருந்து படி, அதிலிருந்து இன்னொரு படி என்று போனால் சிறு பிழைகள் கூடிக்கூடி ஒரு கட்டத்தில் பூட்டு திறக்காது. ஆகவே தேர்ந்த தொழிலாளி, தயாரிப்பாளர் தந்த சாவிக் குறியீட்டு எண் கிடைத்தால் தேய்ந்த சாவியை ஒதுக்கிவிட்டு அந்த எண்ணைக் கொண்டே வெட்டுவார். ஏட்டுச் சுவடிகளைப் பெயர்த்தெழுதியோர் சந்தித்த இடரும், பல படிகளை ஒப்புநோக்கி மூலபாடத்தைத் தேடிய பதிப்பாசிரியர்கள் கண்ட தீர்வும் இதற்கு நெருங்கியவை.

வடிவமே சாவி என்றால், வடிவத்தை அறிந்த எவரும் சாவியை உடையவராகிவிடுவார். மாற்றுச் சாவிக்கும் கள்ளச் சாவிக்கும் உள்ள வேறுபாட்டைப் பூட்டு ஒருபோதும் அறியாது. அது மனிதரின் மனத்திலும் சட்டத்திலும் மட்டுமே இருக்கும். கார் திருட்டு பெருகியபோது இந்தக் குறை பெரிதாகத் தெரிந்தது.

அடையாளம்

1986 மாடல் செவ்ரோலே கார்வெட் காரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சாவியின் தண்டில் ஒரு சிறு மின்தடையைப் பதித்தது. 15 மதிப்புகளுள் ஒன்று அதில் இருக்கும். பற்கள் பொருந்தினாலும் மின்தடை பொருந்தாவிட்டால் கார் கிளம்பாது. 1990களில் இந்த இடத்துக்கு டிரான்ஸ்பாண்டர் சிப் வந்தது. உரிய சாவி இல்லாமல் எஞ்சின் கிளம்புவதைத் தடுக்கும் இம்மொபைலைசரை ஐரோப்பிய ஒன்றியம் 1998 அக்டோபர் முதல் புதிய கார்களில் கட்டாயமாக்கியது. கனடா 2007 செப்டம்பரில் அதைச் செய்தது.

சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் இருக்கும் அந்தச் சிப்புக்குப் பேட்டரி தேவையில்லை. சாவித் துளையைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அச்சுருள், பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில், ஒரு காந்தப் புலத்தை எழுப்பும். அந்தப் புலமே சிப்புக்கு உயிர் தருகிறது. உயிர் பெற்ற சிப் பதில் சொல்கிறது. பதில் சரியென்றால் எரிபொருளும் தீப்பொறியும் எஞ்சினுக்குச் செல்ல அனுமதி கிடைக்கும். பதில் தவறினால் எஞ்சின் ஓரிரு நொடி ஓடி அணையும், அல்லது கிளம்பவே செய்யாது. கதவைத் திறக்கும் ரிமோட் பொத்தான்கள் இதிலிருந்து வேறு. அவற்றுக்குப் பேட்டரி உண்டு. பெரும்பாலும் 315 அல்லது 433 மெகாஹெர்ட்ஸ் அலையில் அவை பேசும். பேட்டரி தீர்ந்தால் பொத்தான் வேலை செய்யாது, ஆனால் சிப் வேலை செய்யும்.

முதல் தலைமுறைச் சிப்புகள் ஒரே எண்ணையே எப்போதும் சொல்லின. ஒட்டுக்கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல முடிந்தது. அடுத்த தலைமுறையில் காரும் சாவியும் ஓர் இரகசியத்தைப் பகிர்ந்துகொண்டன. கார் ஒவ்வொரு முறையும் புதியதோர் எண்ணைக் கேள்வியாக அனுப்பும். சாவி தன் இரகசியத்தைக் கொண்டு அதைக் கணக்கிட்டு விடையை மட்டும் அனுப்பும். இரகசியம் வெளியே வராமலே, அது தன்னிடம் உண்டு என்பதைச் சாவி மெய்ப்பிக்கிறது. பாடத்தை ஒப்பிப்பதற்கும் புதுக் கேள்விக்கு விடை சொல்வதற்கும் உள்ள வேறுபாடு இது. நல்லாசிரியர் மாணவனின் அறிவைச் சோதிக்கும் முறையும் இரண்டாவதுதான்.

இந்த இரகசியமும் உடையாத ஒன்றல்ல. 40 பிட் நீளமுள்ள இரகசியத்தைக் கொண்ட ஒரு சிப்பின் காப்பை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் ஆர்.எஸ்.ஏ. ஆய்வகமும் சேர்ந்த ஆய்வுக்குழு உடைத்துக் காட்டியதை 2005இல் வெளியிட்டது. மெகாமோஸ் என்னும் இன்னொரு முறையின் பலவீனத்தைக் கண்டவர்கள் 2013இல் அதை வெளியிட இங்கிலாந்து உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கட்டுரை 2015இல்தான் வெளிவந்தது. வடிவத்தைப் போலவே இரகசியமும் பிறர் கைக்குப் போகக்கூடியது என்பதே இவற்றின் பாடம். ஆகவே மாற்றுச் சாவியைக் கள்ளச் சாவியிலிருந்து பிரிக்க வடிவமும் போதாது, இரகசியமும் போதாது.

இரண்டு வழிகள்

சிப் உள்ள காருக்கு இரண்டாவது சாவி செய்ய இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது படியெடுத்தல். ஒரு கருவி மூலச் சாவியின் சிப்பைப் படித்து, அதன் எண்ணையும் முடிந்தால் அதன் இரகசியத்தையும் வெற்றுச் சிப்பில் எழுதும். காருக்கு எதுவும் தெரியவேண்டியதில்லை. பெரும்பாலும் காரைத் தொடவும் வேண்டியதில்லை. சாவிகள் இரண்டானாலும் காரின் கணக்கில் சாவி ஒன்றே.

இரண்டாவது, பதிவு செய்தல். புதிய சிப்புக்கு அதற்கே உரிய எண் இருக்கும். ஸ்டியரிங்கின் கீழுள்ள கண்டறி இணைப்பில் கருவியைப் பொருத்தி, பாதுகாப்புக் குறியீட்டைக் கொடுத்து, இம்மொபைலைசரைக் கற்கும் நிலைக்குக் கொண்டுவருவார்கள். புதிய சாவியைச் செருகியதும் கார் அதன் எண்ணைத் தன் நினைவில் எழுதிக்கொள்ளும். சாவியைப் புரோகிராம் செய்வது என்று சொன்னாலும், இங்கே முதன்மையாக மாறுவது காரின் நினைவே. பதிவு முடியும்வரை அந்தப் புதிய சாவி கதவைத் திறக்கும், துளையில் திரும்பும், ஆனால் காரை ஓட்டாது. காருக்கு அது இன்னும் அந்நியன்.

இவ்விரண்டின் வேறுபாடு ஒரு பழைய வாதத்தைத் தொடுகிறது. ஒருவரை மீண்டும் கண்டு ‘இவர் அவரே’ என்று அறிவதை இந்திய மெய்யியலாளர் பிரத்தியபிஞ்ஞை என்றனர். அந்த அறிவே பொருள் மாறாமல் நிலைத்திருப்பதற்குச் சான்று என்றனர் நியாய நெறியினர். பௌத்தர் மறுத்தனர். வெட்டிய பின் வளர்ந்த நகத்தையும் ‘அதே நகம்’ என்கிறோம். நொடிதோறும் புதிதாகும் விளக்குச் சுடரையும் ‘அதே சுடர்’ என்கிறோம். ஒத்திருப்பதை ஒன்றென்று கொள்வது மயக்கம் என்பது அவர்கள் வாதம். படியெடுத்த சாவியின் முன் கார் நிற்பது இந்த மயக்கத்தில்தான். ஒத்ததை ஒன்றென்று அது கொள்கிறது. எவ்வகையிலும் வேறுபடுத்த முடியாத இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்றார் ஜெர்மன் மெய்யியலாளர் லைப்னிட்ஸ். இரு சாவிகளின் உலோகத்திலும் இருப்பிடத்திலும் வேறுபாடு உண்டு, ஆனால் காருக்கு அது எட்டாது. ஒருமை என்பது பார்ப்பவரின் அறியும் ஆற்றலைப் பொறுத்தது என்பதை இந்த எளிய கருவி காட்டிவிடுகிறது.

நடைமுறையில் இதன் விளைவு பெரிது. பதிவு செய்த சாவி தொலைந்தால் அதன் எண்ணைக் காரின் நினைவிலிருந்து நீக்கலாம். வழக்கமாகப் பதிவுகள் எல்லாவற்றையும் அழித்து, கையிலுள்ள சாவிகளை மட்டும் மீண்டும் பதிவார்கள். படியெடுத்த சாவி தொலைந்தால் அந்த வழி அடைபடும். படியை நீக்கினால் மூலமும் நீங்கும். மூலத்தை வைத்துக்கொண்டால் தொலைந்த படியும் செல்லும். தனிப்பெயர் இல்லாதவரைப் பொறுப்பாக்கவும் முடியாது, விலக்கவும் முடியாது.

தீட்சையும் பெயரும்

சமய மரபுகள் கைமாற்றத்துக்கு இரண்டாவது வழியையே தேர்ந்தன. சைவ சித்தாந்த மரபில் சமய தீட்சை, விசேட தீட்சை, நிருவாண தீட்சை என்னும் படிகள் உண்டு. தீட்சை பெறுபவர் குருவின் படியாவதில்லை; அவருக்கென்று தீட்சாநாமம் சூட்டப்படுகிறது. பௌத்தத் துறவியும் புதுப்பெயர் ஏற்கிறார். நூலைப் படித்து மந்திரத்தைத் தெரிந்துகொண்டவரை மரபு தீட்சை பெற்றவராகக் கொள்வதில்லை. இரகசியம் கையில் இருக்கிறது. மரபின் ஏற்பு இல்லை. கள்ளச் சாவியின் நிலையும் அதுவே.

அந்த ஏற்பை யார் தர முடியும்? பல ஃபோர்டு கார்களில், ஏற்கெனவே பதிவான இரண்டு வெவ்வேறு சாவிகளை அடுத்தடுத்துச் செருகித் திருப்பிய பின், குறித்த சில நொடிகளுக்குள் மூன்றாவதைச் செருகினால் கார் அதை ஏற்கும். எட்டுச் சாவிகள் வரை பதியலாம். ஒரே சாவி கையில் இருந்தால் இந்த வழி கிடையாது. ஒரு சாவி வழிதவறிப் பிறர் கையில் சிக்கியிருக்கலாம். இரண்டு ஒருங்கே இருப்பது உரிமையாளரின் இருப்புக்கு வலுவான சான்று.

இதே எண்ணம் பழைய சமயச் சட்டங்களிலும் உண்டு. பௌத்தத் துறவியரின் ஒழுக்க விதிகளான விநயத்தின்படி, ஒருவரை முழுத் துறவியாக்கும் உபசம்பதைக்கு, புத்தர் வாழ்ந்த நடுநாட்டில் பத்துத் துறவியர் கூடவேண்டும். எல்லைப்புற நாடுகளில் ஐவர் போதும். கி.பி. 325இல் கிறித்தவ ஆயர்கள் கூடிய நிக்கேயா சங்கத்தின் நான்காம் விதி, புதிய ஆயரை நியமிக்க மாகாணத்து ஆயர்கள் எல்லாரும் வர இயலாவிட்டாலும் மூவரேனும் நேரில் இருக்கவேண்டும் என்றது. தனி ஒருவர் தன் விருப்பம்போல் அதிகாரத்தைப் பெருக்கிக்கொள்ளக் கூடாது என்பதே இந்த எண்ணிக்கைகளின் நோக்கம்.

சிவப்புச் சாவி

பயன்படுத்தும் உரிமையும் இன்னொருவருக்கு உரிமை தரும் உரிமையும் வெவ்வேறு. 1990களில் ஃபியட் குழுமத்தின் சில கார்களோடு ஒரு சிவப்புச் சாவி வந்தது. அன்றாடம் ஓட்டுவதற்கு வேறு சாவிகள் உண்டு. சிவப்புச் சாவியின் பணி புதிய சாவிகளைக் காருக்கு அறிமுகம் செய்வது. அது தொலைந்தால் புதுச் சாவி சேர்ப்பது பெருந்தொல்லை. கட்டுப்பாட்டுப் பெட்டியையே மாற்ற நேரிடலாம். டொயோட்டாவின் பல மாடல்களில் கறுப்புத் தலைச் சாவி முதன்மைச் சாவியாகவும், சாம்பல் நிறச் சாவி பிறரிடம் காரை ஒப்படைக்கும்போது கொடுப்பதாகவும் இருந்தன. சாம்பல் சாவி காரை ஓட்டும், ஆனால் பின்பெட்டியைத் திறக்காது.

சைவ மரபில் நிருவாண தீட்சை பெற்றவர் எல்லாரும் பிறருக்குத் தீட்சை தர முடியாது. அதற்கு ஆசாரிய அபிடேகம் என்னும் தனிச்சடங்கு வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையில் குரு திருப்பலி நிறைவேற்றலாம், ஆனால் இன்னொரு குருவைத் திருநிலைப்படுத்துவது ஆயரின் பணி. ஜெருசலேமில் இயேசுவின் கல்லறை என்று கருதப்படும் இடத்திலுள்ள பேராலயத்தில் வேறொரு வகைப் பிரிவினை நிலவுகிறது. அதன் சாவியைக் காப்பது ஜூதே என்னும் முஸ்லிம் குடும்பம்; கதவைத் திறந்து மூடுவது நுஸைபா என்னும் இன்னொரு முஸ்லிம் குடும்பம்; உள்ளே வழிபடுவோர் பல கிறித்தவச் சபையினர். வைத்திருத்தல், திறத்தல், பயன்கொள்ளுதல் ஆகிய மூன்றும் பல நூற்றாண்டுகளாக மூவர் கையில் உள்ளன. எல்லா அதிகாரத்தையும் ஒரே கையில் குவிக்காமல் இருப்பது நம்பிக்கையைக் காக்கும் முறைகளுள் ஒன்று.

எல்லாச் சாவிகளும் தொலைந்தால்

ஒரு சாவி கையிலிருக்கும்போது இன்னொன்றைச் சேர்ப்பது எளிது. எல்லாம் தொலைந்துவிட்டால் அதே வேலை பல மடங்கு கடினமாகிறது. சாவியை எண்ணிலிருந்து வெட்டவேண்டும். பாதுகாப்புக் குறியீட்டைத் தயாரிப்பாளரிடம் கேட்டுப் பெறவேண்டும். சில கார்களில் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கழற்றி நினைவகச் சிப்பையே படிக்கவேண்டும். செலவும் காத்திருப்பும் அதற்கேற்பக் கூடும். காருக்குள் உரியவரை அடையாளம் காட்டும் சான்று எதுவும் எஞ்சாததால், வெளியிலிருந்து ஒரு சான்று வரவேண்டியிருக்கிறது.

இலங்கைப் பௌத்தத்தின் வரலாறு இதற்கு நிகர். அங்கே உபசம்பதை மரபு ஒன்றுக்கு மேற்பட்ட முறை அற்றுப்போனது. சோழர் ஆட்சிக்குப் பின் 11ஆம் நூற்றாண்டில் முதலாம் விஜயபாகு மன்னர் பர்மாவிலிருந்து துறவியரை வரவழைத்தார். 18ஆம் நூற்றாண்டில் மீண்டும் உபசம்பதை பெற்ற துறவியர் இல்லாத நிலை வந்தபோது, இன்றைய தாய்லாந்தான சயாமிலிருந்து வந்த உபாலி தேரர் 1753இல் கண்டியில் அதைப் புதுப்பித்தார். இன்றைய சியாம் நிகாயம் என்னும் துறவியர் பிரிவு அப்படிப் பிறந்ததே. சயாமுக்கு அந்த மரபைச் சில நூற்றாண்டுகள் முன்பு தந்தது இலங்கைதான். வேற்றூரில் ஒப்படைத்திருந்த மாற்றுச் சாவி தன் வீட்டுக்குத் திரும்பியது.

பெண் துறவியர் மரபில் இந்தத் திரும்புதல் இன்றும் வாதத்துக்குரியது. கி.பி. 433ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலங்கைப் பிக்குணியர் சீனாவின் நான்ஜிங் நகருக்குச் சென்று அங்குள்ள பெண்களுக்கு உபசம்பதை அளித்தனர். பின்னாளில் இலங்கையில் பிக்குணிச் சங்கம் மறைந்தது; சீனத்தில் அது தொடர்ந்தது. 1998இல் புத்தகயையில் சீன மரபுப் பிக்குணியரின் துணையோடு இலங்கைப் பெண்கள் உபசம்பதை பெற்றனர். அது இலங்கை பின்பற்றும் தேரவாத மரபில் செல்லாது என்போர் உண்டு. சீனத்தில் பின்பற்றப்படுவது வேறொரு விநய மரபு, அறுந்த இழையை வேற்று இழையால் முடிய இயலாது என்பது அவர்கள் கருத்து. மூலத்தில் ஒரே ஊற்றிலிருந்து சென்ற மரபு, சங்கம் இசைந்து ஏற்றால் செல்லும் என்பது மற்றவர் கருத்து. பொருத்தமான சிப்பா என்பதும், கார் அதை ஏற்கிறதா என்பதுமே இங்கும் கேள்விகள்.

ரஷ்யாவின் பழைய நம்பிக்கையாளர் என்னும் கிறித்தவப் பிரிவினர் இன்னொரு முடிவைக் காட்டுகிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் வழிபாட்டுச் சீர்திருத்தங்களை மறுத்துப் பிரிந்த அவர்களிடம் ஆயர் எவரும் எஞ்சவில்லை. ஆயர் இன்றிப் புதிய குருக்கள் உருவாக முடியாது. அவர்களுள் ஒரு பிரிவினர் குருக்களே இல்லாமல் வாழ ஒப்புக்கொண்டார்கள். ஆதாரமற்ற ஒரு சாவியைத் தாங்களே செய்துகொள்ள அவர்கள் உடன்படவில்லை. இழப்பை இழப்பென்று ஏற்ற அந்த நேர்மை மதிக்கத்தக்கது.

சாவி அறியாதது

கார் சாவியை அறிகிறது; சாவியை ஏந்திய கையை அறிவதில்லை. பதிவான சாவி திருடனிடம் இருந்தாலும் எஞ்சின் கிளம்பும். துளையில் செருகத் தேவையற்ற சாவிகளின் அலையை இரண்டு கருவிகளால் நீட்டி, வீட்டுக்குள் இருக்கும் சாவி காரருகே இருப்பதாக நம்பவைத்துத் திருடுவதும் நடக்கிறது. செல்லுபடியாவது வேறு, நியாயமாவது வேறு.

வட ஆப்பிரிக்கக் கிறித்தவர்களை இந்த வேறுபாடு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிளந்தது. உரோமப் பேரரசர் தயோக்கிளேசியன் காலத்தில் 303 முதல் நடந்த கொடுமைகளின்போது, வேதநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்தவர்கள் பிற்பாடு செய்த திருநிலைப்பாடுகள் செல்லுமா என்பது கேள்வி. செல்லாது என்றனர் தொனாத்தியர் என்னும் பிரிவினர். சடங்கின் ஆற்றல் அதைச் செய்பவரின் தூய்மையிலிருந்து வருவதில்லை, ஆகவே செல்லும் என்றார் அப்பகுதி ஆயர் அகுஸ்தீன். 411இல் கார்த்தேஜில் நடந்த பெருங்கூட்டத்தில் தொனாத்தியருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. நூலை ஒப்படைத்தவரைக் குறித்த இலத்தீன் சொல்லும், மரபைக் குறிக்கும் இலத்தீன் சொல்லும் ‘கையளித்தல்’ என்னும் ஒரே வேரிலிருந்து வந்தவை. கையளிப்பதில் காட்டிக்கொடுத்தலும் உண்டு, வாழவைத்தலும் உண்டு.

கருவியால் காண முடியாததை மனிதர் ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. இந்தியாவில் அங்கீகரிக்கப்பட்ட சேவை நிலையங்கள் மாற்றுச் சாவி கேட்பவரிடம் பதிவுச் சான்றையும் அடையாள அட்டையையும் கேட்பதும், தொலைந்தது என்றால் காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகலைக் கேட்பதும் இதனால்தான். கார் திருட்டுக்கு இழப்பீடு கோருபவரிடம் காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாச் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வதும் இதன் தொடர்ச்சி. சாவி செய்பவரின் நேர்மையே இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. கேட்பவர் உரியவர்தானா என்று விசாரிக்கத் தவறும் தொழிலாளியின் கையில் மாற்றுச் சாவி கள்ளச் சாவியாகிவிடுகிறது; உலோகத்தில் எந்த மாற்றமும் நிகழ்வதில்லை.

முடிவு

சாவியைச் சாவியாக்குவது அதன் வடிவமோ இரகசியமோ மட்டும் அன்று; உரிமை உடையவர் அறிந்து தந்த ஏற்பு. அந்த ஏற்பு தூயதாக இருக்க மூன்று வேண்டும். தருபவர் தரும் உரிமையுடையவராக இருக்கவேண்டும். பெறுபவருக்குத் தனக்கென்று ஒரு பெயர் இருக்கவேண்டும், அப்போதுதான் அவர் பொறுப்பேற்க முடியும். பெற்ற பின் தவறினால் திரும்பப் பெறும் வழி திறந்திருக்கவேண்டும். இம்மூன்றும் இருந்தால் மாற்றுச் சாவி. ஒன்று குறைந்தாலும் கள்ளச் சாவியின் நிழல் அதன்மேல் விழும். பகிர்வதால் அதிகாரம் குறைவதில்லை என்பதையும் இலங்கையின் வரலாறு மெய்ப்பிக்கிறது. நான்ஜிங்குக்கும் சயாமுக்கும் மனமுவந்து கொடுத்ததே பல நூற்றாண்டுகள் கழித்துக் கொடுத்தவர் வீட்டுக் கதவைத் திறக்க வந்தது. காரானாலும் மரபானாலும், இரண்டாவது சாவியைச் செய்ய உரிய காலம் முதல் சாவி கையில் இருக்கும் காலமே.